அம்மாவின் பாவங்கள்

சின்னவன் செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அம்மா திருட ஆரம்பித்தாள்.

பெரியவளுக்கு இது உடனே தெரியவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான், பெரியவள், சின்னவன். அம்மா அவர்களை அப்படித்தான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ வசவு காத்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் கிளம்பினால் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி, பயந்தவர்களோடும் பயமே தெரியாதவர்களோடும் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, சாயங்காலம் வலிக்கிற முழங்காலோடு வீடு திரும்புவாள்.

அப்படித் திரும்பிய ஒரு நாள் காய்கறிக்கடை அக்கா அவளைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஏன் அக்கா?"

"ஒண்ணுமில்ல. நேத்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பைக்குள்ள போட்டாங்க. நான் பாக்கறேன்னு தெரிஞ்சேதான் போட்டாங்க. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, மனசு ஒரு நெலையில இருக்காதேன்னு நானே இன்னும் ரெண்டு எடுத்துக் கையில குடுத்தேன். நல்லதுக்குத்தானே குடுத்தேன்? அதுக்குப் போய் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க."

பெரியவள் காசு கொடுக்கப்போனாள், அக்கா வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் படிக்கட்டில் கீழ்வீட்டுப் பெண்மணி. "உங்க அம்மாவுக்கு அம்பத்தஞ்சுதானாமே! நான் என்னமோ நெனச்சேன்" என்றாள். பெரியவளுக்கே நாற்பத்தொன்று. மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். கணக்கு நன்றாக இல்லை.

சமையலறை அலமாரியில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், விலைச்சீட்டு பிரிக்காத ஒரு சீப்பும் டீக்கடைக் கரண்டி ஒன்றும் இருந்தன.

"என்னம்மா இதெல்லாம்?"

"திருடினேன்" என்றாள் அம்மா. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு?"

"எதுக்குத் திருடுவாங்க? பாவம் பண்ணத்தான்."

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் பித்தும் இல்லை, கலக்கமும் இல்லை. ரொம்ப நாள் யோசித்து வீடு மாற்ற முடிவெடுத்தவளைப் போல இருந்தாள்.

"சின்னவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். பாஸ்டரே சொல்லிட்டார். நான் இப்படியே ஜெபம் பண்ணிக்கிட்டு, நல்லவளா இருந்து செத்தேன்னு வச்சுக்க, என்னைத் தூக்கி மேல வச்சிடுவாங்க. அங்க நான் மட்டும் போய் என்ன பண்ணப்போறேன்? எம்புள்ளை இருக்கற எடத்துக்குத்தான் நான் போவேன். அதுக்கு என்ன உண்டோ அதைப் பண்ணிட்டுப் போறேன்."



சின்னவன் ஒரு காலத்தில் இறையியல் கல்லூரியில் படித்தவன். அம்மாவின் கனவு அது. இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தான். அப்புறம் ஒரு கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. ஒருத்தனைப் படைக்கும்போதே அவன் கெட்டு நரகத்துக்குத்தான் போவான் என்று கடவுளுக்குத் தெரியும் என்றால், எதற்காக அவனைப் படைக்க வேண்டும்? வகுப்பில் கேட்டான். விடுதியில் கேட்டான். பிரசங்கம் செய்ய வந்த பெரியவர்களை வாசலில் மடக்கிக் கேட்டான். 'மனுஷனுக்குத் தானே முடிவெடுக்கும் சுயாதீனம் கொடுத்திருக்கிறார்' என்றார்கள். 'கொடுக்கும்போதே அதை வைத்து நான் என்ன செய்வேன் என்று தெரியுமா தெரியாதா?' என்றான். 'தெரியும், ஆனால் தெரிந்ததால் நடக்கவில்லை, நடக்கப்போவதால் தெரிந்தது' என்றார்கள். அவன் சிரித்தானாம். மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்றுக்கொண்டான்; கை சுத்தமான வேலைக்காரன். ஆனால் குடி. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் பட்டப்பகலில், வேலை முடிந்து குடித்துவிட்டு வண்டியில் வந்தவன், ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். அவ்வளவுதான்.

அடக்கத்தின்போது புது பாஸ்டர் நிறைய ஆறுதல் சொன்னார். ஆனால் நடுவில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டார். கர்த்தர் தம்முடையவர்கள் யார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே அறிந்திருக்கிறார். அறிந்தும் விலகிப்போனவர்களுக்காக நாம் துக்கப்பட மட்டுமே முடியும். மற்ற எல்லாம் அம்மாவின் காதில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. இந்த இரண்டும் தங்கிவிட்டன.

"கடைசி நிமிஷத்துல அவன் மனசு எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும்மா தெரியும்?" என்று பெரியவள் அன்று சமையலறையில் கெஞ்சிப் பார்த்தாள். "அந்த நேரத்துல அவன் கடவுளைக் கூப்பிட்டிருக்கலாமே."

"எனக்குத் தெரியும். என் வயித்துல வளந்தவன். கடைசி நிமிஷத்துல அவன் கேள்வி கேட்டிருப்பான்."



அம்மாவின் பாவ முயற்சிகள் நாளுக்கு நாள் தொடர்ந்தன. ஆனால் ஒன்றும் தேறவே இல்லை. சாப்பிடுமுன் ஜெபிப்பதை நிறுத்தினாள். கை தானாகக் குவிந்தது, பிரித்து மேஜையில் தட்டி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் சினிமாவுக்குப் போனாள். பாதியிலேயே தூங்கிவிட்டாள், பக்கத்துச் சீட்டுப் பெண் எழுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பொறாமைப்படலாம் என்று பார்த்தால், தெரிந்தவர்கள் யாரிடமும் பொறாமைப்படும்படி எதுவும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "ரோட்டுல வண்டி ஓட்டறவங்க திட்டுவாங்களே, அதுல மோசமா ஒண்ணு சொல்லிக் குடு" என்றாள்.

"அம்மா!"

"தினமும் கேக்கறவதானே நீ. அம்மாவுக்கு ஒண்ணு சொல்லக்கூடாதா?"

பெரியவள் மறுத்துவிட்டாள். அம்மாவே முயன்றாள். பால் பொங்கி வழிந்தபோது அடுப்பைப் பார்த்து, "நாசமாப் போ, நாயே!" என்று கத்தினாள். கத்திவிட்டுத் தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மாவுக்கும். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அம்மா சட்டென்று நிறுத்தி, "அவன் இருந்திருந்தா எப்படிச் சிரிச்சிருப்பான்" என்றாள். வழிந்த பாலைத் துடைக்க இருவருக்குமே எழத் தோன்றவில்லை.

பாஸ்டர் பெரியவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து தூரத்து வீடுகளுக்கெல்லாம் போக வேண்டியிருந்தது, நடந்து கட்டுப்படியாகவில்லை. நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் பருமன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வியர்க்கும். கோயிலில் அவளை 'சிஸ்டர்' என்பார். காரில் ஏறிவிட்டால் 'மேடம்'. அடக்கத்துக்குப் பிறகு அவள் அவரோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கிளட்ச், கியர், கண்ணாடி, அவ்வளவுதான்.

அன்று மார்க்கெட் தெரு முனையில் வந்துகொண்டிருந்தார்கள். பாஸ்டர் பக்கவாட்டில் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார். பெரியவள் தன் பிரேக்கை அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. மூக்குக்கு முன்னால் ஒரு பஸ் உரசுவது போலப் போயிற்று.

"தேங்க்ஸ் மேடம்" என்றார், மூச்சு வாங்க.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். பெரியவள் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க பாக்காம திரும்பப்போறீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. உங்க தோளே சொல்லும். தெரிஞ்சுதான் பிரேக்கைப் போட்டேன். தெரிஞ்சும் போடாம கையைக் கட்டிக்கிட்டு இருந்திருந்தா, என்னை என்னன்னு சொல்வீங்க?"

பாஸ்டர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார். "உங்க தம்பியைப் பத்திக் கேக்கறீங்க."

"ஆமா."

"தெரியறது வேற, செய்யவைக்கறது வேற. நாளைக்குச் சூரியன் உதிக்கும்னு நமக்குத் தெரியும். நமக்குத் தெரிஞ்சதாலயா அது உதிக்குது?"

"சூரியனை நான் உண்டாக்கலையே பாஸ்டர். உண்டாக்கினவருக்கு ஒரு பொறுப்பு இருக்குல்ல?"

அவர் அவள் காலடியில் இருந்த பிரேக்கைக் காட்டினார். "ஒவ்வொரு வளைவுலயும் நீங்களே பிரேக் போட்டா, நான் ஓட்டறேன்னு சொல்ல முடியுமா? நீங்கதான் ஓட்டறீங்கன்னு ஆயிடும். என்னை ஓட்ட விடணும்னா, தப்புப் பண்ணவும் விட்டாத்தானே உண்டு?"

"விடறேன். எவ்வளவோ விடறேன். கியர் கரகரன்னு சத்தம் போட விடறேன், நடுரோட்டுல அணைஞ்சு நிக்க விடறேன். லாரிக்குள்ள போக விடமாட்டேன்."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். பாஸ்டர் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த விடைகள் அவரிடம் இன்னும் இருந்திருக்கும். எதையும் எடுக்கவில்லை.

"என்கிட்ட பதில் இல்லை" என்றார் கடைசியில்.

அதைக் கேட்டதும் பெரியவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. பதில் இருக்கிறது என்று அவர் சாதித்திருந்தால் அன்றோடு வேறு வாத்தியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள். இறங்கிய கோபத்தில் அம்மாவின் கதை முழுவதும் வெளியே வந்தது. எலுமிச்சம்பழம், சீப்பு, வயசுப் பொய், அடுப்பைத் திட்டியது. பாஸ்டர் முதலில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அப்புறம், அம்மா எதற்காக இதெல்லாம் செய்கிறாள் என்று அவள் சொன்னபோது, முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் சொன்னதைக் கேட்டா?"

"ரெண்டே ரெண்டு வாக்கியம் பாஸ்டர்."

"நான் வீட்டுக்கு வரலாமா?"

"வாங்க. ஆனா திட்டு வாங்குவீங்க. கர்த்தரோட ஊழியக்காரரை அவமானப்படுத்தறது பெரிய பாவம்னு அவங்க கணக்கு. ரொம்ப நாளா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

மறுநாள் மத்தியானம் வந்தார். அம்மா கதவைத் திறந்து, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் உள்ளே போனாள். பாஸ்டர் நின்றார். பெரியவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். சமையலறையில் பாத்திரங்கள் கோபமாக உருண்டன. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், அம்மா டீயோடு வந்தாள்.

"சக்கரை போடலை" என்றாள். "வேணும்னேதான் போடலை."

"பரவாயில்லம்மா."

"உக்காந்து குடிங்க. நின்னுக்கிட்டுக் குடிச்சா நெஞ்சை அடைக்கும்."

உட்கார்ந்தார். குடித்தார். அம்மா எதிரில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வாய் குடிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாயில் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து 'டக்'கென்று வைத்தாள். இந்தப் பாவமும் போயிற்று.

"அம்மா, கல்லறையில நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. உங்க பிள்ளை எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாட்டிப் போகுது. அவருக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"ஆதியிலிருந்து."

"அப்போ எம்புள்ளை கேட்ட கேள்வி சரிதானே? தெரிஞ்சும் எதுக்குப் படைச்சார்?"

பாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது அவர் முகத்தில் தெரிந்தது. கேட்டுவிட்டார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. அவன் உங்க வயித்துல வர்றதுக்கு முன்னாலயே, இவன் இப்படி ஆவான், இப்படிச் சாவான்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா, பெத்திருப்பீங்களா, வேண்டாம்னு விட்டிருப்பீங்களா?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன கேள்வி இது? எழுந்து அவரை வெளியே அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அம்மா அவளைக் கையமர்த்தினாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"பெத்திருப்பேன்" என்றாள்.

"ஏன்மா?"

"ஏன்னா? அவன் எம்புள்ளை. அவன் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு நான் எப்படி நெனப்பேன்? சின்ன வயசுல எதை எடுத்தாலும் கழட்டிப் பாப்பான். கடிகாரம், ரேடியோ, கொடை. ஒருநாள் என் கண்ணாடியைக் கழட்டிட்டான். அடி வாங்கிட்டு, 'எப்படித் தெரியுதுன்னு பாத்தேன்மா'ன்னான். குடிச்சிட்டு வந்தாலும் செருப்பை ஓரமா வச்சிட்டுத்தான் உள்ள வருவான். அந்த மாதிரி ஒருத்தன் ஒலகத்துல வரவே வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனா ஒண்ணு. தெரிஞ்சு பெத்திருந்தேன்னா, பெத்ததோட விட்டிருக்க மாட்டேன். அவன் எங்க போனாலும் பின்னாலயே போயிருப்பேன். இப்பவும் அதுக்குத்தான் பாடுபடறேன். ஒரு பாவம் உருப்படியா வரமாட்டேங்குது."

பாஸ்டரின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் மறைக்கவில்லை.

"இதையே ஒரு அப்போஸ்தலரும் சொல்லியிருக்கார்மா. வேதத்துல. என் சொந்தக்காரங்களுக்காக நான் சபிக்கப்பட்டவனாப் போகக்கூடத் தயார்னு. முன்குறிக்கறதைப் பத்தி நான் கல்லறையில சொன்னேனே, அதெல்லாம் அவர் எழுதின இடத்துலதான் வருது. அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே இது இருக்கு. நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். வேகமாப் படிச்சிட்டுத் தாண்டிப் போயிடுவேன்."

"அப்புறம்? அவரைக் கீழ அனுப்பினாங்களா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாலயே ஒருத்தர் போயிட்டு வந்துட்டார்."

அம்மா புரியாமல் பார்த்தாள். அப்புறம் அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. எழுபது வருஷமாக ஞாயிறுதோறும் எழுந்து நின்று சபையோடு சேர்ந்து சொன்ன விசுவாசப் பிரமாணத்தை உதட்டுக்குள்ளேயே ஓட்டிப்பார்க்கிறாள் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு என்று வந்தவள் அடுத்த வார்த்தையில் நின்றாள்.

"பாதாளத்தில் இறங்கினார்" என்றாள் சத்தமாக.

பாஸ்டர் தலையசைத்தார்.

"அவரும் பின்னாலயே போனாரா?"

"அப்படித்தான்மா சொல்றோம். அங்க போய் என்ன பண்ணார்னு பெரிய பெரிய ஆளுங்களெல்லாம் சண்டை போட்டிருக்காங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒத்துவராது. நான் உங்களுக்கு வாக்குக் குடுக்க முடியாது. முன்னமே ஒரு தடவை தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

"நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்" என்றாள் அம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரியவள் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு பிடிவாதம் அந்த முகத்தில் திரும்பியிருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ்வளவு தூரம் எறங்கிப் போன மனுஷன் வெறுங்கையோடயா திரும்பியிருப்பார்? தெரு முனைவரைக்கும் போனா நானே எதையாவது தூக்கிக்கிட்டுத்தான் வர்றேன்."

பாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கிளம்பும்போது ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டார். "இன்னைக்கு வேண்டாம். நான் அவர்கிட்ட நேராப் பேசிக்கறேன்" என்று அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அவள் சமாதானமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தாள், திருவிருந்து அப்பம் வாங்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் வாங்கினாள். செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் அந்தச் சபையில் இல்லை. அம்மா ஜெபித்தாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படியாகவே. ஒருவர் போய் பாஸ்டரிடம் முறையிட்டார். "எனக்கும் காது கேக்குது" என்று மட்டும் பாஸ்டர் சொன்னாராம்.

பாஸ்டர் போன அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவின் கைகள் குவிந்தன. இந்த முறை அவள் அவற்றைப் பிரிக்கவில்லை. வழக்கமான ஜெபமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலி தகராறு பேசுகிறவளைப் போலப் பேசினாள்.

"எம்புள்ளை எங்க இருக்கான்னு உமக்குத் தெரியும். அவன் என்ன கேட்டான்னும் தெரியும். தெரிஞ்சா மட்டும் போதாது, ஆமா. போய்ப் பாரும். முரண்டு பிடிப்பான், கேள்வி கேப்பான். கேட்டா உக்காந்து பதில் சொல்லும். இங்க எவனும் அவனுக்கு உக்காந்து பதில் சொல்லலை. அதுவரைக்கும் அவன் கையை விடாதேயும். ஆமென்."

பெரியவள் 'ஆமென்' சொல்ல வாயைத் திறந்தாள். மருத்துவமனை, சவப்பெட்டி, கல்லறைக்கு இடம், வந்தவர்களுக்கு நாற்காலி, அப்புறம் அம்மா என்று ஓடிக்கொண்டே இருந்ததில் தம்பிக்காக அவள் இன்னும் அழவேயில்லை. இப்போது அது ஒரேயடியாக வந்தது. தட்டை ஒதுக்கிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

அம்மா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை. மகளின் முதுகில் கையை வைத்து, அவள் முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.